பழைய தீவனம் வெட்டும் மெஷின் வாங்குவது: சிறு பண்ணைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இரண்டு மாட்டிலிருந்து பத்து மாடு வரை, அல்லது ஒரு கொட்டகை ஆடு வைத்திருப்பவர்கள் பழைய சாப் கட்டர் வாங்கப் போகும்போது கேட்கும் கேள்விகள் இவை. புல், சோளத்தட்டு, வைக்கோல் நறுக்கும் மெஷினைப் பற்றித்தான் பெரும்பகுதி. வயலில் அறுக்கும் பிரஷ் கட்டர், வைக்கோல் கட்டும் பேலர் பற்றிக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பழைய மெஷின் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மோட்டாரைத்தான் பார்க்கிறார்கள். மோட்டார் கெட்டால் ரீவைண்டிங் செய்யலாம், மாற்றலாம். வெட்டும் தலையில் விரிசல் இருந்தால் ஆளையே அடித்துவிடும். கையைக் காக்கும் மூடி இல்லாவிட்டால் விரல் போகும். பரிசோதனையை அங்கிருந்து தொடங்குங்கள்.

என்னென்ன வகை விற்பனைக்கு வருகிறது? எனக்கு எது பொருந்தும்?

மூன்று வகை வரும். கையால் சுற்றும் பெரிய சக்கர மெஷின் ஒன்று. அதே சக்கர மெஷினை 2 அல்லது 3 எச்.பி. மோட்டாரும் பெல்ட்டும் வைத்து ஓட்டுவது இன்னொன்று. மோட்டார் தண்டிலேயே கத்தியைப் பொருத்தி, மேலே சாய்வாக ஒரு வாய் வைத்த குட்டி மெஷின் மூன்றாவது.

ஒன்றிரண்டு மாட்டுக்குக் கைமெஷினே போதும். பழையதாக வாங்க அதைவிடப் பயமில்லாத பொருள் கிடையாது. மூன்று மாட்டுக்கு மேல் இருந்து, வைக்கோலும் சோளத்தட்டும் நறுக்க வேண்டுமென்றால் ரோலர் இழுத்துக் கொடுக்கும் சக்கர மெஷின்தான் வேண்டும். குட்டி மெஷின் பச்சைப் புல்லுக்கும் வேலிமசால், அகத்தி போன்ற தழைகளுக்கும் நன்றாக ஓடும். வைக்கோலைப் போட்டால் துண்டு ஒரே அளவாக வராது, தூசும் கிளம்பும்.

எவ்வளவு திறன் தேவை? விற்பவர் மணிக்கு 500 கிலோ வெட்டும் என்கிறாரே?

உங்கள் தேவையை முதலில் கணக்குப் போடுங்கள். ஒரு கறவை மாட்டுக்கு நாளுக்குச் சுமார் 25 கிலோ பசுந்தீவனமும் 5 கிலோ உலர்தீவனமும் என்று வைத்துக்கொண்டால், 4 மாட்டுக்கு 100 கிலோ பச்சையும் 20 கிலோ வைக்கோலும் ஆகும். 500 கிலோ என்பது இளம் புல்லை இடைவிடாமல் ஊட்டினால் வரும் கணக்கு. ஒரே ஆள் அள்ளி வைத்து, ஊட்டி, வெட்டியதை ஒதுக்கி வேலை செய்தால் அதில் பாதி கிடைப்பதே நல்லது. வைக்கோல் எடை குறைந்தது என்பதால் கிலோக் கணக்கில் இன்னும் குறையும். அப்படிப் பார்த்தாலும் 4 மாட்டுக்கான வேலை முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். 2 எச்.பி. போதும்.

3 எச்.பி. வேண்டுமா என்பது மாட்டின் எண்ணிக்கையைவிட நீங்கள் எதை வெட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கோ-4 போன்ற கம்பு நேப்பியர் புல்லை நட்டு 75 முதல் 80 நாளில் முதல் அறுப்பும், அதன்பின் 45 நாளுக்கு ஒரு அறுப்பும் எடுத்தால் தண்டு மிருதுவாக இருக்கும், 2 எச்.பி. மெஷின் சிரமப்படாது. இரண்டு மூன்று மாதம் விட்டு முற்ற வைத்துவிட்டால் தண்டு கரும்பாகிவிடும். அதை வெட்ட 3 எச்.பி. தேடுவதைவிட, நாள் தவறாமல் அறுப்பது லாபம். சத்தும் அப்போதுதான் இருக்கும்.

பார்க்கப் போகும்போது என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

ஒரு கட்டு முற்றிய நேப்பியர், ஒரு கை சோளத்தட்டு, ஒரு கட்டு வைக்கோல். வைக்கோலில் பாதியைத் தண்ணீர் தெளித்து லேசாக ஈரமாக்கிக்கொள்ளுங்கள். விற்பவர் வைத்திருக்கும் இளம் புல்லில் எந்த மெஷினும் நன்றாகத்தான் வெட்டும்.

இவற்றோடு சிறிய சுத்தியல், ஸ்பேனர் செட், டார்ச், அளவு நாடா, பழைய செய்தித்தாள், கொஞ்சம் மண்ணெண்ணெய், சாக்பீஸ், டெஸ்டர். கம்பியைக் கவ்விக் கரண்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் ஒருவர் கூட வந்தால் மிக நல்லது.

போய்ச் சேரும்போது மெஷின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்தச் சொல்லி, பிளக்கைப் பிடுங்கி, ஆற விடுங்கள். குளிர்ந்த நிலையிலிருந்து ஸ்டார்ட் ஆவதைப் பார்க்க வேண்டும். ஓட்டிப் பார்க்கும் நேரம் தவிர, பரிசோதனை முழுவதும் பிளக் உங்கள் கண் முன்னால், சுவரிலிருந்து பிடுங்கிய நிலையில் இருக்கட்டும்.

பிளைவீலில் என்ன பார்க்க வேண்டும்?

அவசரப்படாமல் பார்க்க வேண்டிய இடம் இதுதான். கத்திகளைத் தாங்கிச் சுற்றும் சக்கரம் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பு வளையாது, திடீரென்று உடையும். புல்லோடு ஒரு கல்லோ போல்ட்டோ உள்ளே போனால் அன்று மெஷின் ஓடிவிடும், ஆனால் விரிசல் விழுந்திருக்கும். பல நாள் கழித்து ஓட்டத்தில் துண்டாகிப் பறக்கும்.

மூடியைக் கழற்றி, சக்கரத்தைத் துணியால் துடைத்துவிட்டு மூன்று இடங்களைப் பாருங்கள்: கத்தி போல்ட் ஓட்டைகளைச் சுற்றி, ஆரக்கால் வெளிவட்டத்தோடு சேரும் இடம், நடுக்குடத்தில், சக்கரத்தைத் தண்டோடு பூட்டும் சாவிக்கட்டை உட்காரும் வெட்டு. சந்தேகம் வந்தால் அங்கே மண்ணெண்ணெய் தடவி ஐந்து நிமிடம் விடுங்கள். நன்றாகத் துடைத்துவிட்டு சாக்பீஸைத் தேய்த்துப் பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் திரும்பக் கசிந்து வெள்ளையின் மேல் கோடாகத் தெரியும். பெயின்ட் கனமாக இருந்தால் அந்த இடத்தை மட்டும் சுரண்டிவிட்டுச் செய்ய வேண்டும். விற்பதற்காகப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால், முதலில் பார்க்க வேண்டியதே பெயின்ட்டுக்குக் கீழே இருப்பதைத்தான்.

இன்னொரு சோதனை, சுத்தியலால் மெல்லத் தட்டுவது. நல்ல சக்கரம் கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது மொத்தென்று ஒலிக்கும். பெல்ட்டும் கத்தியும் மாட்டியிருந்தால் ஒலி மங்கும் என்பதால் இதை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது.

சக்கரத்தில் வெல்டிங் தழும்பு இருந்தால் வாங்க வேண்டாம். வார்ப்பிரும்பை முறையாகச் சூடேற்றி, அதற்குரிய ராடு வைத்து, மெதுவாக ஆற வைத்துப் பற்றவைக்க வேண்டும். தெருமுனைப் பட்டறையில் சாதா ராடு வைத்து ஒட்டினால் ஒட்டுக்குப் பக்கத்திலேயே அடுத்த விரிசல் விழும். சுற்றும் பாகத்தில் அது உயிருக்கு ஆபத்து. விலையைக் குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

கடைசியாக, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஏதாவது ஒரு அசையாத புள்ளியைக் குறியாக வைத்து விளிம்பைப் பார்த்தால் ஆட்டம் தெரியும். நெளிந்து ஓடினால் தண்டு வளைந்திருக்கிறது, அல்லது நடுத்துளை தேய்ந்திருக்கிறது.

கத்தி மழுங்கியிருக்கிறது. அது பெரிய குறையா?

இல்லை. தீட்டலாம், மாற்றலாம். கவனிக்க வேண்டியது வேறு. இரண்டு கத்தியும் ஒரே அகலம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் புதிதாக, மற்றொன்று தேய்ந்து பாதியாக இருந்தால் சக்கரம் எடை சமமில்லாமல் உதறும். பேரிங் சீக்கிரம் போகும். கத்தியை எப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒரு கத்தியைக் கழற்றிவிட்டு ஓட்டியிருந்தால் இன்னும் மோசம்: எடை ஒரு பக்கம் சாய்வதோடு துண்டு நீளமும் இரண்டு மடங்காகிவிடும்.

கத்தி ஓரத்தில் நீலமாகவோ பழுப்பாகவோ நிறம் ஓடியிருந்தால், எமரி சக்கரத்தில் அழுத்தித் தீட்டிச் சூடேற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். பதம் இறங்கிய அந்தக் கத்தி இரண்டு நாளுக்கு ஒருமுறை மழுங்கும். சாய்வு ஒரு பக்கம்தான் இருக்க வேண்டும்; வாய்ப்பட்டையை ஒட்டி ஓடும் பக்கம் தட்டையாகவே இருக்க வேண்டும். இரு பக்கமும் தீட்டிய கத்தி வெட்டாது, புல்லைத் தள்ளிவிடும்.

வாய்ப்பட்டை என்பது கத்தி உரசுவது போல் கடந்துபோகும் அசையாத இரும்புப் பட்டை. கத்தரிக்கோலின் இன்னொரு கால் அது. பலர் கத்தியை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள், இதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அதன் ஓரம் உருண்டு மழுங்கியிருந்தால் புதுக் கத்தி போட்டாலும் பயனில்லை. சில மெஷின்களில் கழற்றித் திருப்பிப் போடலாம். கழற்ற முடியாமல் உடலோடு வார்த்திருந்தால் பட்டறையில் செலவு வரும். பேரத்தில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்த்தேன். வைக்கோல் வெட்டாமல் நீளநீளமாக வருகிறது. ஏன்?

கத்திக்கும் வாய்ப்பட்டைக்கும் நடுவில் இடைவெளி அதிகம். நேப்பியர் தண்டு விறைப்பானது. இடைவெளி இருந்தாலும் ஒடிந்து துண்டாகிவிடும். வைக்கோல், அதுவும் ஈர வைக்கோல், மடங்கி அந்தச் சந்துக்குள் நழுவிவிடும். அதனால்தான் ஈர வைக்கோலை எடுத்துப் போகச் சொன்னோம். இடைவெளி ஒரு தபால் அட்டை கனத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

இது சரிசெய்யக்கூடிய குறைதான். செய்யும் முறை:

1. பிளக்கைப் பிடுங்கி, சக்கரம் நகராமல் ஒரு மரக்கட்டையை ஆப்பு வையுங்கள். கனத்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கத்தியின் பாரத்தால் சக்கரம் தானாகவே சுற்றும். மின்சாரம் இல்லாமலே விரலை எடுத்துவிடும்.
2. ஒரு கத்தியின் போல்ட்களைக் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். முழுவதும் கழற்ற வேண்டாம்.
3. பின்னாலிருக்கும் தள்ளுபோல்ட்டைக் கால் சுற்று கால் சுற்றாக முடுக்கி, கத்தியை வாய்ப்பட்டைப் பக்கம் நகர்த்துங்கள்.
4. ஆப்பை எடுத்து, சக்கரத்தைக் கையால் சுற்றி, செய்தித்தாள் துண்டை வாயில் வைத்து வெட்டிப் பாருங்கள். இடது ஓரம், நடு, வலது ஓரம் மூன்றிலும் தாள் சுத்தமாக வெட்டுப்பட வேண்டும். ஒரு ஓரத்தில் மடிந்தால் அந்தப் பக்கத் தள்ளுபோல்ட்டை இன்னும் கொஞ்சம் முடுக்குங்கள்.
5. போல்ட்களை இறுக்கிவிட்டு மறுபடியும் தாள் வைத்துப் பாருங்கள். இறுக்கும்போது கத்தி நகர்வது வழக்கம்.
6. அடுத்த கத்திக்கும் இதே போல் செய்துவிட்டு, சக்கரத்தைப் பத்துச் சுற்றாவது கையால் சுற்றி, இரும்பு இரும்பில் படவில்லை என்று உறுதி செய்த பிறகு மின்சாரம் கொடுங்கள்.

விற்பவர் வீட்டிலேயே இதைச் செய்ய அவர் ஒப்புக்கொண்டால் செய்து பாருங்கள். தள்ளுபோல்ட் துருப்பிடித்து அசையவே இல்லை, அல்லது கடைசி வரை முடுக்கியும் இடைவெளி குறையவில்லை என்றால் கத்தியின் ஆயுள் முடிந்துவிட்டது, அல்லது தண்டு பின்னால் நகர்ந்திருக்கிறது. இரண்டாவதானால் பேரிங் பக்கம் பாருங்கள்.

ரோலர், கியர், பேரிங் எப்படிச் சோதிப்பது?

ரோலர் பற்கள் உருண்டு தேய்ந்திருந்தால் புல்லைப் பிடித்து இழுக்காது. அப்போது ஆள் கையால் தள்ளுவார். கை உள்ளே போவது பெரும்பாலும் இப்படித்தான், ஆகவே தேய்ந்த ரோலரைப் பாதுகாப்புக் குறையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மேல்ரோலரை அழுத்தும் ஸ்பிரிங் இரண்டு பக்கமும் ஒரே விறைப்பில் இருக்கிறதா என்று கையால் தூக்கிப் பாருங்கள்.

முன்னால், நடு, பின்னால் என்று மாற்றும் கைப்பிடி இருந்தால் ஓட்டத்தில் மூன்று நிலையும் போட்டுப் பாருங்கள். சிக்கிக்கொண்ட புல்லைத் திருப்பி வெளியே தள்ளுவது அதுதான். வேலை செய்யாத ரிவர்ஸ் கைப்பிடியோடு விற்கப்படும் மெஷின்கள் ஏராளம்.

கியர் பல்லில் ஒன்று உடைந்திருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘டக்’ சத்தம் வரும். திறந்த கியருக்கு கிரீஸ், மூடிய கியர்பெட்டிக்கு 90 நம்பர் ஆயில். பெட்டி மூடியைத் திறந்து ஆயிலை விரலில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். இரும்புத் தூள் மினுங்கினால் உள்ளே தேய்மானம் ஓடிக்கொண்டிருக்கிறது. பேரிங்குக்கு, சுமையோடு 20 நிமிடம் ஓட்டி, நிறுத்திவிட்டு, அதன் கூட்டில் உள்ளங்கையை வையுங்கள். வைத்த கையை எடுக்காமல் இருக்க முடிந்தால் சரி.

மோட்டாரில் எதைப் பார்ப்பது?

பெயர்ப்பலகையை முதலில் படியுங்கள்: எச்.பி., வேகம், ஆம்பியர். பலகையே இல்லாத மோட்டார் பழைய இரும்புக் கடை வழியாக வந்ததாக இருக்கலாம். ஒற்றை ஃபேஸ் 2 எச்.பி. மோட்டார் முழுச் சுமையில் சுமார் 10 முதல் 12 ஆம்பியர் இழுக்கும். நேப்பியர் ஊட்டும்போது கிளாம்ப் மீட்டரில் பாருங்கள். பலகையில் உள்ளதைத் தாண்டிப் போய் அங்கேயே நின்றால், மோட்டாரைக் குறை சொல்லும் முன் கத்தியைப் பாருங்கள். மழுங்கிய கத்தி கரண்ட்டை ஏற்றிவிடும்.

உறுமிக்கொண்டு சுற்றாமல் நிற்கிறது, கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டால் ஓடுகிறது என்றால் பெரும்பாலும் கண்டென்சர் போயிருக்கும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் கரிந்திருக்கும். இரண்டும் சின்னச் செலவு. விற்பவர் இதற்காகவே விலை இறக்கிக் கொடுத்தால் உங்களுக்கு லாபம்.

ரீவைண்டிங் செய்த மோட்டாரா என்று நேராகக் கேளுங்கள். நல்ல செம்புக் கம்பியில் ஒழுங்காகச் சுற்றியிருந்தால் குறையில்லை. செலவு குறைக்க அலுமினியம் சுற்றியிருந்தால் சீக்கிரம் சூடாகும். மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் வார்னிஷ் கருகிய வாசனையும் நிறமும் தெரிந்துவிடும். மெகர் (மின்காப்பை அளக்கும் மீட்டர்) வைத்திருப்பவர் கிடைத்தால் சுற்றுக்கும் உடலுக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் மாட்டுக்கொட்டகைக்குள் அந்த மோட்டாரைக் கொண்டுபோகக் கூடாது.

வாய்ப்பெட்டி மூடியை முன்பு வைத்திருந்தவர் கழற்றி எறிந்துவிட்டார். அப்படியே வாங்கலாமா?

புது மூடி அடித்து மாட்டிய பிறகுதான் ஓட்டுவேன் என்ற உறுதி இருந்தால் வாங்கலாம். புல் வைக்கும் தகரப் பெட்டி இரண்டு முழ நீளமாவது இருக்க வேண்டும். அதில் ரோலரை ஒட்டிய ஒரு முழம் மேலேயும் மூடியிருக்க வேண்டும். கையை நீட்டினாலும் விரல் நுனி ரோலரைத் தொடக் கூடாது, கணக்கு அவ்வளவுதான். 2 மி.மீ. தகட்டில் உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே செய்து தருவார்கள். வைக்கோலைத் திணிக்க இடைஞ்சல் என்று சொல்லித்தான் பலர் கழற்றுகிறார்கள். ரோலர் ஒழுங்காக இழுத்தால் அந்த இடைஞ்சலே வராது.

பெல்ட்டுக்கும் பிளைவீலுக்கும் மூடி கட்டாயம். ஓட்டுபவர் நின்ற இடத்திலிருந்து கை எட்டும் தூரத்தில் சுவிட்ச் இருக்க வேண்டும். சேலைத் தலைப்பு, துண்டு, தளர்ந்த சட்டைக்கை, கைக்கயிறு எதுவும் ரோலர் பக்கம் போகக் கூடாது. மெஷின் ஓடும்போது பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி, சக்கரத்தைச் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். விளையாட்டுக்குச் சுற்றிப் பார்க்கும் பிள்ளையின் விரல் போவது மோட்டார் இல்லாத கைமெஷினிலும் நடக்கிறது.

மோட்டார் புல்லியைப் பெரிதாக்கி வேகத்தைக் கூட்டியிருக்கிறாராம். நல்லதுதானே?

நல்லதல்ல. மோட்டார் வேகத்தை மோட்டார் புல்லியின் விட்டத்தால் பெருக்கி, பெரிய புல்லியின் விட்டத்தால் வகுத்தால் சக்கரத்தின் வேகம் வரும். 1440 சுற்று மோட்டார், 3 அங்குலப் புல்லி, 12 அங்குலச் சக்கரப் புல்லி என்றால் 360 சுற்று. மோட்டார் புல்லியை 5 அங்குலம் ஆக்கினால் 600. விளிம்பைப் பிய்த்து வெளியே இழுக்கும் விசை வேகத்தின் இருமடிப்படி ஏறும். இந்தக் கணக்கில் கிட்டத்தட்ட 2.8 மடங்கு. வார்ப்பிரும்புச் சக்கரம் அதற்குச் செய்யப்பட்டதல்ல. 1440 மோட்டார் எரிந்த இடத்தில் 2800 சுற்று மோட்டாரை மாட்டி, புல்லியை மாற்றாமல் விட்ட மெஷின்களும் சந்தைக்கு வருகின்றன. அளவு நாடாவும் பெயர்ப்பலகையும் இருந்தால் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். மெஷின் உடலிலோ கையேட்டிலோ குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டப்பட்டது என்று தெரிந்தால் பிளைவீல் சோதனையை இரண்டாம் முறை செய்யுங்கள்.

குட்டி மெஷினுக்கும் இதே சோதனைகள்தானா?

அதில் பிளைவீலும் ரோலரும் கிடையாது. கத்தி 2800 சுற்றில் நேரடியாக ஓடுவதால் மூன்றே விஷயம்: கத்தியைப் பிடிக்கும் நடு போல்ட்டின் மரை நன்றாக இருக்கிறதா, மோட்டார் தண்டு வளைந்திருக்கிறதா, மோட்டாருக்குள் புல்தூசு அடைத்திருக்கிறதா. வெறுமனே ஓடவிட்டு மெஷின் தரையில் நகர்ந்துபோகிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் கத்தி எடை சமமில்லை. வாய்க்குள் புல்லைத் தள்ள ஒரு மரத்தடி வைத்துக்கொள்ள வேண்டும். கையைப் பயன்படுத்தவே கூடாது.

எவ்வளவு கொடுக்கலாம்?

அதே அளவுள்ள புதிய மெஷினின் விலையை அன்றைக்கே இரண்டு கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். கால்நடை பராமரிப்புத் துறையில் மானியத்தில் புது மெஷின் கொடுக்கும் திட்டம் அப்போது நடக்கிறதா என்று உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் விசாரியுங்கள். மானியம் போக உங்கள் கையிலிருந்து போகும் தொகை பழைய மெஷின் விலைக்குப் பக்கத்தில் வந்தால், கேள்வி அங்கேயே முடிந்தது.

மானியம் கிடைக்காதவர்களுக்கு எங்கள் கணக்கு: கொடுக்கும் விலை, கத்தி ஜோடி, பெல்ட், பேரிங், மூடி, வண்டி வாடகை எல்லாம் சேர்ந்து புது மெஷின் விலையில் பாதியைத் தாண்டக் கூடாது. நல்ல நிலையில், மூன்று வருடத்துக்குள் வாங்கிய மெஷின், ரசீதும் இருக்கிறது என்றால் இன்னும் கொஞ்சம் ஏறலாம். உதிரிபாகம் கிடைக்குமா என்பதையும் பாருங்கள். கத்தியின் நீளத்தையும் ஓட்டைகளின் இடைவெளியையும் அளந்து, படம் எடுத்து, உங்கள் ஊர் விவசாயக் கருவிக் கடையில் காட்டுங்கள். அந்தக் கத்தி கிடைக்காது என்றால் அந்த மெஷினை விட்டுவிடலாம்.

வாங்கிவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் என்ன செய்ய வேண்டும்?

வண்டியில் ஏற்றும்போது கத்திகளைக் கழற்றிச் சாக்கில் சுற்றித் தனியாக வையுங்கள். கத்திக்குக் கீழே மெல்லிய தகடு வைத்திருந்தால் எந்தக் கத்திக்கு எது என்று அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள்.

இறக்கியதும் சிமென்ட் தரையில் நாலு கால்களையும் போல்ட் போட்டு இறுக்குங்கள். மண் தரையில் வைத்தால் அதிர்வில் எல்லா நட்டும் தளரும். பெல்ட்டை மாற்றி, நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்கும் அளவுக்கு இழுத்துக் கட்டுங்கள். கத்தி போல்ட்களை மட்டும் பழையதைப் போடாதீர்கள், தலையில் 8.8 என்று பொறித்த புதிய ஹைடென்ஷன் போல்ட் வாங்கி, ஸ்பிரிங் வாஷரோடு மாட்டுங்கள். முதல் வாரம் தினமும், பிறகு வாரம் ஒருமுறை எல்லா நட்டுகளையும் ஸ்பேனர் வைத்துப் பார்க்க வேண்டும்.

துண்டு நீளத்தைப் பச்சைக்கும் வைக்கோலுக்கும் 2 முதல் 3 செ.மீ. வருமாறு கியரை வையுங்கள். தூளாக்கிவிட்டால் மாடு அசைபோடுவது குறைந்து பாலில் கொழுப்பு இறங்கும்.

மின் இணைப்பு எப்படி இருக்க வேண்டும்?

2 எச்.பி. ஒற்றை ஃபேஸுக்கு 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, கொட்டகை தூரமாக இருந்தால் 4 சதுர மி.மீ. வீட்டுக்குள்ளிருந்து மெல்லிய எக்ஸ்டென்ஷன் இழுத்தால் வோல்டேஜ் இறங்கும், மோட்டார் திணறும், சுற்று கருகும். தனி எம்.சி.பி. (கரண்ட் மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்), ஒழுங்கான எர்த் மூன்றும் வேண்டும். ஈரத் தரையில் வெறுங்குளம்போடு நிற்கும் மாடு மனிதரைவிடச் சீக்கிரம் ஷாக்கில் சாகும். பழைய மெஷின்களில் பச்சை எர்த் கம்பியை வெட்டிவிட்டு இரண்டு கம்பி பிளக் மாட்டியிருப்பார்கள். அதை முதலில் மாற்றுங்கள். விவசாயப் பம்ப் இணைப்பிலிருந்து எடுக்க நினைத்தால் அதற்கு முன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தீவனத்தில் இரும்பு கலந்துவிடும் என்கிறார்களே?

உண்மைதான். மாடு மேய்ந்ததை மென்று பிரித்துப் பார்க்காமல் விழுங்கும். கம்பித் துண்டோ ஆணியோ உள்ளே போனால் இரண்டாம் வயிற்றில் தங்கி, அதன் சுவரைக் குத்தி, பக்கத்திலிருக்கும் இதயம் வரை போகும். பழைய மெஷினில் கழன்று விழும் வாஷர், கம்பி வைத்துக் கட்டிய மூடி, உடைந்த கத்தி நுனி எல்லாம் இதற்குக் காரணமாகும். ஆகவே கட்டுக்கம்பி வைத்து எதையும் கட்டி வைக்காதீர்கள். வெட்டிய தீவனம் விழும் சரிவுத் தகட்டில் ஒரு வலுவான காந்தப் பட்டையை ஒட்டி, தினமும் துடையுங்கள். பேலர் கட்டிய வைக்கோல் வாங்கினால் நைலான் கயிற்றை முழுசாக உருவி எடுத்த பிறகு மெஷினில் வையுங்கள். காந்தம் நைலானைப் பிடிக்காது.

வயலில் நிற்கும் புல்லை அறுக்கப் பழைய பிரஷ் கட்டர் வாங்கலாமா?

கொழுக்கட்டைப் புல், கினியாப் புல், வரப்புப் புல்லுக்கு நல்லது. வேலிமசாலுக்கும் ஆகும், ஆனால் அதைத் தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு அறுக்க வேண்டும், ஒட்ட அறுத்தால் தழைக்காது. நேப்பியர் தூருக்குப் பன்னரிவாள்தான் சுத்தம். பிரஷ் கட்டரில் தண்டு நாலாபக்கமும் சாயும், பிறகு பொறுக்கிச் சேர்க்க இரண்டு மடங்கு நேரமாகும்.

டூ-ஸ்ட்ரோக் என்றால் சைலன்சரைக் கழற்றச் சொல்லி, அந்தத் துளை வழியே டார்ச் அடித்து பிஸ்டனைப் பாருங்கள். மேலிருந்து கீழாகக் கீறல் இருந்தால் ஆயில் கலக்காமல் ஓட்டியிருக்கிறார்கள்; வேண்டாம். ஃபோர்-ஸ்ட்ரோக் என்றால் ஆயிலைப் பாருங்கள். ஹோண்டா ஜி.எக்ஸ்.35 போன்ற எஞ்சின் வெறும் 100 மி.லி. ஆயிலில் ஓடுகிறது, கொஞ்சம் குறைந்தாலும் தேய்மானம் ஆரம்பித்துவிடும். எந்த எஞ்சினானாலும் ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுக்கும்போது ஒரு இடத்தில் கையை எதிர்த்துப் பிடிக்க வேண்டும். வழவழவென்று வந்தால் கம்ப்ரஷன் இல்லை. கீழே கத்தி மாட்டும் கியர்தலையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கத்திமூடி இல்லாமல் ஓட்டாதீர்கள். ஓடும்போது 15 மீட்டருக்குள் ஆளோ மாடோ நிற்கக் கூடாது, கல் பறக்கும்.

பழைய பேலர் மலிவாக வருகிறது. வாங்கலாமா?

சொந்த வைக்கோலுக்கு மட்டும் என்றால் வேண்டாம். டிராக்டரும், கயிறு கட்டும் பாகத்தைச் சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக்கும் கூடவே வேண்டும். அறுவடை நேரத்தில் ஏக்கருக்கோ கட்டுக்கோ வாடகை பேசிக் கட்டிக்கொள்வதே சிறு பண்ணைக்குச் சரி.

ரசீது இல்லாமல் வாங்கலாமா?

மோட்டார் எண், மெஷின் எண், தேதி, தொகை, இருவர் கையெழுத்து போட்ட ஒரு தாளாவது வாங்கிக்கொள்ளுங்கள். மானியத்தில் கொடுத்த மெஷினாக இருந்தால் குறிப்பிட்ட காலம் வரை விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கலாம். உடலில் துறையின் பெயர் எழுதியிருக்கிறதா, சுரண்டிய தடம் இருக்கிறதா என்று பார்த்து, விற்பவரிடம் இருக்கும் ஒப்புதல் தாளைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகு பணம் கொடுங்கள்.